அம்மாவின் பைக்குள் பதினைந்து தாள்கள்

அந்தத் தாள்கள் வந்த அன்று நான் விறாந்தையில் ஆடினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே ஆடினேன். தபாற்காரர் படலையடியில் நின்று மணியடித்து ஒரு தட்டையான பெட்டியை நீட்டினார். கையெழுத்து வைத்து வாங்கினேன். உள்ளே கொண்டுவந்து, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகுதான் பெட்டியைப் பிரித்தேன். பதினைந்து தாள்கள். முழுக்கப் பருத்தியில், சதுரமாகச் செய்தவை. கண்ணைக் குத்துகிற வெள்ளை இல்லை, பால் விட்டுப் பிசைந்த சோற்றின் வெள்ளை. ஓரத்தைத் தொட்டால் துணியைத் தொட்டது போல இருந்தது.

"என்னடி, லொத்தர் விழுந்திட்டுதோ?" என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்டா.

"அதை விடப் பெரிசு அம்மா!" என்றேன்.

நான் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை. மிச்ச நேரமெல்லாம் பலகையில் படம் செதுக்கி, மை பூசி, தாளில் அச்செடுக்கிறவள். அதுவரை நான் அச்செடுத்ததெல்லாம் மலிவான டிமைத் தாளிலும் பழைய கலண்டர்களின் பின்பக்கத்திலும்தான். அச்சு யந்திரம்கூடக் கடையில் வாங்கியதில்லை. பரந்தனில் உழவு இயந்திரப் பெட்டிக்கு இரும்பு ஒட்டிக்கொடுக்கும் ஒருவரிடம் படத்தைக் காட்டி, இரண்டு இரும்பு உருளையும் ஒரு கைபிடிச் சக்கரமுமாகச் செய்வித்தது. "ரீச்சர், இதுக்குள்ளை எதைப் பிழியப் போறியள்? கரும்போ?" என்று அவர் கேட்டார். இன்றுவரை அந்த யந்திரத்துக்கு எங்கள் வீட்டில் கரும்பு மெசின் என்றுதான் பெயர்.

அப்படிப்பட்ட எனக்கு ஓர் அழைப்பு வந்தது. நாட்டின் பல பக்கங்களிலும் இருந்து அச்சுப்படம் செய்யும் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் தன் படத்தில் பன்னிரண்டு பிரதி அனுப்பவேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பன்னிரண்டு பெட்டிகள் செய்வார்கள். ஒரு பெட்டிக்குள் பன்னிரண்டு பேரின் படமும் இருக்கும், ஆளுக்கொரு பெட்டி வரும். என் படம் ஒன்று குறைந்தால் ஒரு பெட்டி முழுமையில்லை. அதனால் பதினொன்று அனுப்பினாலும் ஒன்றுதான், ஒன்றுமே அனுப்பாவிட்டாலும் ஒன்றுதான். எல்லாருக்கும் ஒரே தாள். கொழும்பில் இருந்து இதை ஒழுங்குசெய்த அக்கா தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தா.

"தங்கச்சி, எண்ணித்தான் எல்லாருக்கும் அனுப்பினனான். ஆளுக்குப் பதினைஞ்சு. மூண்டு தாள் பிழை விடுறதுக்கு. அதுக்கு மேலை பிழை விட்டால் என்னட்டைக் கேக்காதையும். ஒரு தாளும் மிச்சமில்லை."

நான் அதை வீட்டில் நூறு தரம் சொன்னேன். "பதினைஞ்சுதான் அம்மா. இனிக் கிடையாது. தொடக்கூடாது. பக்கத்திலை தேத்தண்ணி கொண்டு வரக்கூடாது. முக்கியமான பேப்பர்." அம்மா தலையாட்டினா. என் கணவர், மீன் வியாபாரி, "நான் அந்த அறைக்கே போகமாட்டன். என்னிலை மீன் மணக்கும்" என்று சொல்லி விலகிக்கொண்டார்.

படமாக நான் எடுத்துக்கொண்டது அம்மாவின் பை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பை இருக்கும். காணி உறுதிப் பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், குடும்ப அட்டை, என் பரீட்சைப் பெறுபேற்றுத் தாள், அப்பாவின் படம், எல்லாம் அதற்குள். அம்மாவின் பை யூரியா உரப்பையின் உள்ளே வருகிற தடித்த பொலித்தீனை வெட்டி, இரண்டு மடிப்பாக ஒட்டி அவவே செய்தது. யுத்தத்தில் எத்தனை இடம் மாறினோமோ அத்தனை இடத்துக்கும் அது வந்தது. சட்டி பானை வரவில்லை, தையல் மெசின் வரவில்லை, பை வந்தது. இப்போது எங்களுக்குக் கல்வீடு இருக்கிறது, அலுமாரி இருக்கிறது. ஆனாலும் அந்தப் பை மூன்று முடிச்சோடு தகர றங்குப்பெட்டிக்குள்தான் இருக்கும். வானம் கறுத்தால் அம்மாவின் கை முதலில் அங்கேதான் போகும். அந்த முடிச்சையும் அதன் சுருக்கங்களையும் பலகையில் செதுக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

"உந்தப் பையைப் போய் ஆர் பாப்பினம்? நல்லதாய் ஒரு பூவைக் கீறன் பிள்ளை" என்றா அம்மா.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன். இவ்வளவு தடித்த தாளில் மை ஒரேசீராக ஏறவேண்டுமானால் தாள் கொஞ்சம் ஈரமாக இருக்கவேண்டும். முதல் நாள் பஞ்சால் ஒற்றி நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பொலித்தீனால் சுற்றி, மேலே பலகை வைத்துவிட்டால் ஈரம் எல்லாத் தாளுக்கும் சமமாகப் பரவும். அடுத்த நாள் காலையில் எடுத்து அச்செடுத்துவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை பின்னேரம் பதினைந்தையும் நனைத்துச் சுற்றி மேசையில் வைத்தேன். பொறுமையாக இரண்டு தாளில் முதலில் பார்த்திருக்கலாம். எனக்கெங்கே பொறுமை? ஒரே நாளில் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிடுகிற ஆசை.

ஞாயிறு விடியவே தொலைபேசி அடித்தது. பெருமழை, குளம் நிரம்பி வான் பாய்கிறது, சனம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது, வரக்கூடிய ஆசிரியர்கள் வாருங்கள் என்றார்கள். மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்ந்த பிறகு பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஏறிவிட்டது. ஆறு நாள் அங்கேயே நின்றேன். பாய் எண்ணினேன், பெயர் எழுதினேன், குழந்தைகளுக்குப் பால்மா கரைத்தேன். இரண்டாம் நாள், சோற்றுப் பார்சல் பிரிக்கும்போது, திடீரென்று தாள் நினைவு வந்தது. பார்சலை அப்படியே வைத்தேன். அம்மாவுக்கு அடித்தேன்.

"அம்மா, என்ர பேப்பர்?"

"ஓம் ஓம், பத்திரமா இருக்கு. தண்ணி வாசற்படியிலை நிக்குது. உன்ர அறையிலை ஓடும் ஒழுகுது. ஆனால் உன்ர பேப்பருக்கு ஒண்டும் வராது. நீ அங்கை சனத்தைப் பார்."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எப்படிப் பத்திரம் என்று ஒரு கேள்வி கேட்டேனா? இல்லை. தாள் ஈரம், அதை விரித்துவிடுங்கோ என்று ஒரு சொல் சொன்னேனா? அதுவும் இல்லை. அம்மா சொன்னால் சரி என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வடிந்து வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றமுதலே அறைக்கு ஓடினேன். மேசை வெறுமை.

"எங்கை அம்மா?"

அம்மா பெருமையாகச் சிரித்துக்கொண்டு றங்குப்பெட்டியைத் திறந்தா. "பையுக்கை வைச்சு மூண்டு முடிச்சுப் போட்டிருக்கிறன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ளை போகாது."

உள்ளே போகாதுதான். உள்ளே இருந்த ஈரம் வெளியே வரவும் ஆறு நாளாக வழியில்லையே! பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். பைக்குள் என் தாள்கள் மட்டும் இருந்தன, சுற்றிய பொலித்தீனும் வைத்த பலகையும் அப்படியே. பிரித்ததும் மணம் முகத்தில் அடித்தது. பழைய சாக்கின் மணம். முதல் தாளில் சாம்பல் நிறத்தில் மயிர் மயிராக ஒரு வட்டம். அடுத்ததில் பச்சைப் புள்ளிகள். அதற்கடுத்ததில் றோஸ் நிறத்தில்கூட ஒன்று, யாரோ சாயம் தெளித்த மாதிரி. பூஞ்சணம். பதினைந்திலும் பூஞ்சணம்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. "அம்மா! இது ஈரப் பேப்பர்! ஈரத்தோடை ஆரும் கட்டி வைப்பினமோ? ஆர் உங்களைத் தொடச் சொன்னது?"

"ஈரமெண்டு ஆர் கண்டது? நீ பொலித்தீனாலை சுத்தி வைச்சிருந்தாய். நனையக்கூடாதெண்டு சுத்தியிருக்கிறாயாக்கும் எண்டு நினைச்சன்."

"நினைச்சியளோ! கேக்கிறதுக்கென்ன?"

அம்மாவின் முகம் சிறுத்துப்போயிற்று. ஆனால் அவ விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "முக்கியமான பேப்பர் எண்டு நீதானே நூறு தரம் சொன்னனி? முக்கியமான பேப்பர் வேறை எங்கை இருக்கிறது?"

பையைப் பலகையில் செதுக்கி ஊருக்குக் காட்டப் புறப்பட்டவள் நான். அந்தப் பைக்குள்ளேயே என் தாள் போய் மாட்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே! நிலத்தில் குந்தி அழுதேன். அழுதுகொண்டே ஒரு துணியை எடுத்து முதல் தாளைத் துடைக்கப் போனேன்.

"இஞ்சேரும்! கையை எடும்!"

கணவர் வாசலில் நின்றார். அவர் முல்லைத்தீவுக் கரையில், கருவாடு போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார், அவ்வளவுதான். "ஈரப் பூஞ்சணத்தைத் துடைச்சால் இன்னும் உள்ளுக்கைதான் போகும். கருவாட்டிலையும் உதுதான். முதல் காயோணும். பிறகு தட்டோணும். அதுவும் வீட்டுக்குள்ளை இல்லை. வெளியிலை, காத்துப் போற பக்கம் பாத்து."

"காயவைக்க வெயில் எங்கை? வெளியிலை இன்னும் தூறுது!"

அவர் யன்னலால் வானத்தைப் பார்த்தார். நான் கொழும்பு அக்காவுக்கு அடித்தேன். திட்டுவா என்றுதான் நினைத்தேன். அவவோ எனக்கு நடந்ததைக் கேட்டு முதலில் ஒரு பெருமூச்சு விட்டா, பிறகு மளமளவென்று சொல்லத் தொடங்கினா. நல்ல குளிருக்குள் வைத்தால் பூஞ்சணம் சாகாது, ஆனால் வளராமல் அப்படியே நின்றுவிடும். "வெயில் வரும்வரை உமக்கு நேரம் கிடைக்கும். பிரீசர் இருக்கோ?"

நான் கணவரைப் பார்த்தேன். கணவர் என்னைப் பார்த்தார். அவருடைய மீன்கடையில், ஓர் ஆள் படுக்கக்கூடிய அளவில் பிரீசர் இருக்கிறது!

அழுகை எங்கே போனதோ தெரியாது. துள்ளி எழும்பினேன். படங்கள் கொழும்புக்குப் போய்ச் சேர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் சோற்றுப் பார்சல் கட்டுகிற லஞ்ச் சீற் வைத்து அடுக்கினேன். மீன் மணமும் பனியும் ஏறாமல் இருக்க வெளியே எதையாவது சுற்றவேண்டும். குசினிக்குள் ஓடி ஒரு பெரிய பொலித்தீனை இழுத்து வந்தேன்.

அம்மா கதவோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "பொலித்தீன் கூடாதெண்டு இப்பதானே சத்தம் போட்டனி. இப்ப என்ன, நல்லதாப் போச்சோ?"

கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். முதுகு குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வளவு லேசில் இறங்கிவருகிற சாதியா நான்?

நாலு நாள் என் தாள்கள் விளைமீனுக்கும் இறாலுக்கும் நடுவில் படுத்திருந்தன. கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "அண்ணை, உதென்ன தட்டையா? திருக்கையோ?" என்று கேட்டார்களாம். "திருக்கையில்லை, ரீச்சற்ரை படம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். சந்தைக்குள் விழுந்த கதை நிற்குமா? பள்ளிக்கூடம் திறந்த அன்று பத்தாம் வகுப்பில் ஒருத்தி எழும்பி, "ரீச்சர், உங்கடை படம் விறைச்சுப் போச்சாமே?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, எல்லாருக்கும் பூஞ்சணத்தைக் கீறச் சொல்லி வேலை கொடுத்தேன்.

புதன்கிழமை வெயில் எறித்தது. சும்மா வெயில் இல்லை, மழை கழுவிவிட்ட வெயில், காற்றும் சேர்ந்து. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். கணவர் பழைய வலை ஒன்றை மாமர நிழலில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். கருவாட்டை இப்படித்தான் உயரத்தில் போடுவார்கள், கீழாலும் காற்றுப் போகும். நேரே வெயிலில் போட்டிருந்தால் என் தாள் அப்பளமாக வளைந்திருக்கும். பிரீசரில் இருந்து எடுத்த தாள்களை வலையில் பரப்பி, பறக்காமல் மேலே இன்னொரு வலையைப் போட்டோம். அம்மா ஒரு கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு, கையில் ஒரு பூவரசந்தடியோடு உட்கார்ந்தா. கோழி வந்தாலும் துரத்தினா, காகம் வந்தாலும் துரத்தினா, நான் கிட்டப் போனாலும் தடியைத் தூக்கினா.

"நெடுகப் போய்ப் போய்த் தொட்டுப் பாக்காதை. காயிறது காயும்."

பின்னேரம் தாள்கள் முறுகக் காய்ந்துவிட்டன. ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் வெயிலிலும் காட்டி எடுத்தோம். இனித் தட்டவேண்டும். வளவின் எல்லைக்குப் போய், காற்று எங்களைத் தாண்டி வெளியே போகிற மாதிரி நின்றோம். முகக்கவசம் போட்டுக்கொண்டேன். தூரிகை எதுவும் அவ்வளவு மெதுவாக இல்லை என்று கணவரின் புதுச் சவர பிரஷைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். முதல் தாளின் சாம்பல் வட்டத்தில் பிரஷை வைத்து, ஓரத்தை நோக்கி மெல்ல இழுத்தேன். தூள் கிளம்பிக் காற்றோடு போயிற்று. கீழே வெள்ளை! என் வெள்ளை!

"போகுது! போகுது!" என்று கத்தினேன்.

அம்மா அகப்பையோடு குசினிக்குள் இருந்து ஓடிவந்தா. "என்ன போகுது? ஆடோ?"

"பூஞ்சணம் அம்மா! பூஞ்சணம் போகுது!"

"அதுக்கேனடி ஊரைக் கூட்டுறாய்?" என்றா. ஆனால் திரும்பிப் போகவில்லை. கடைசித் தாள் முடியும்வரை அகப்பையோடு அங்கேயே நின்றா.

தூள் போன இடங்களில் பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து மெல்ல ஒற்றினேன். தேய்க்கவில்லை, ஒற்றினேன். தேய்த்தால் பருத்தி நூல் கிளம்பிவிடும். சாம்பல் போயிற்று. பச்சை அரைவாசி போயிற்று. றோஸ் மட்டும் போகமாட்டேன் என்று நின்றது. விளக்கடியில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூன்று தாள்கள் சரிவராது, கறை ஊடுருவி அப்பிவிட்டது. மிச்சம் பன்னிரண்டு.

சரியாகப் பன்னிரண்டு! எனக்குச் சந்தோசத்தில் தலை சுற்றியது, அடுத்த நொடியே பயம் பிடித்தது. பிழை விடுவதற்கென்று தந்த மூன்றும் போய்விட்டன. இனி ஒரு பிழையும் விட இடமில்லை. பன்னிரண்டு தாளில் பன்னிரண்டு படம். மை ஒன்றில் கூடினாலும் சரி, தாள் ஒன்று ஒரு நூல் சரிந்தாலும் சரி, எல்லாம் முடிந்தது.

அடுத்த நாள் விடிய எழும்பினேன். தாளைத் திரும்ப நனைக்கவேண்டும். பஞ்சைத் தண்ணீரில் தோய்த்துவிட்டு அரை நிமிடம் அப்படியே நின்றேன், கை போகவில்லை. பிறகு நாலு நாலாக நனைத்தேன். நனைத்ததை அடித்து முடித்துத்தான் அடுத்த நாலு. ஈரத்தோடு ஒரு தாளையும் பொழுதுபட விடுவதில்லை என்று முடிவு.

என் கையெல்லாம் மையாக இருக்கும், தாளைத் தொட முடியாது. சுத்தமான கை ஒன்று வேண்டும். கணவரின் கை மீன் கை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா போய்க் கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து நின்றா.

"எப்பிடிப் பிடிக்கோணும்?"

"ரெண்டு மூலையிலை அம்மா. நான் சொல்லேக்கை மெல்ல விடுங்கோ. விட்டாப் பிறகு இழுக்கக்கூடாது."

எனக்கு ஒரு தந்திரம் தோன்றியிருந்தது. படத்தில் பை ஒரு பெரிய கறுப்பு. தாளைத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ திருப்பி, மிச்சக் கறை அந்தக் கறுப்புக்குக் கீழே வருகிற மாதிரி வைத்தால் மை அதை விழுங்கிவிடும். ஒவ்வொரு தாளுக்கும் எந்தப் பக்கம் மேலே என்று ஓரத்தில் மெல்லப் பென்சிலால் குறித்து வைத்தேன். பலகையில் மையை உருட்டினேன். அம்மா தாளைத் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, இறக்கினா. மேலே கம்பளியைப் போட்டு நான் சக்கரத்தைச் சுற்றினேன். கரும்பு மெசின் முனகியது. கம்பளியை எடுத்து, தாளின் மூலையைப் பிடித்து உரித்தேன்.

ஐயோ, அந்தக் கறுப்பை என்னவென்று சொல்வேன்! டிமைத் தாளில் ஒருநாளும் வராத கறுப்பு. பொலித்தீனின் சுருக்கம் ஒவ்வொன்றும் வெள்ளை நரம்பாக ஓடியது. கறை இருந்த இடமே தெரியவில்லை. நான் மைக் கையோடு துள்ளினேன். அம்மா கிட்ட வந்து, படத்தின் மேல்பகுதியை நெடுநேரம் பார்த்தா.

"முடிச்சு சரியாத்தான் வந்திருக்கு" என்றா.

இரண்டு, மூன்று, நாலு. மத்தியானம் ஒருவரும் சாப்பிடவில்லை. எட்டாவதில் அம்மாவுக்குக் கை பழகிவிட்டது, நான் சொல்ல முதலே இறக்கத் தொடங்கிவிட்டா. பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது தாளைத் தூக்கிப் பார்த்தேன். அதில்தான் றோஸ் புள்ளி, ஓரத்துக்குக் கிட்ட. எப்படித் திருப்பினாலும் கறுப்புக்குள் வராது. நான் இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. பதினொரு படம் ஒன்றுக்கும் உதவாதே!

"ஏன், மற்றப் பக்கம் என்னவாம்?" என்றா அம்மா.

"என்ன மற்றப் பக்கம்?"

"உடுப்பிலை கறை பட்டால் உள்பக்கம் புரட்டித்தானே தைக்கிறது? புரட்டிப் பாரன்."

புரட்டினேன். அந்தப் பக்கத்திலும் அடிக்கலாம் என்று இத்தனை நாளும் எனக்குத் தோன்றவில்லை. தாளின் நல்ல பக்கம் என்று ஒன்றை முடிவுசெய்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது. பூஞ்சணம் தாளின் தடிப்பைத் தாண்டி வரவில்லை! அம்மா மூலைகளைப் பிடித்தா, நான் சக்கரத்தைச் சுற்றினேன். பன்னிரண்டு!

"பன்னிரண்டு!" என்று வளவுக்குள் ஓடிக் கத்தினேன். கணவர் கடையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கினார். மோட்டார் சைக்கிளை நிறுத்தவும் விடாமல் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "மாதாவே, திருக்கை உயிரோடை வந்திட்டுது" என்றார்.

படங்கள் காய்ந்தபிறகு ஒன்றுக்கொன்று படாமல் நடுவில் வைக்க மெல்லிய வெள்ளைத் துணி வேண்டியிருந்தது. பழைய வேட்டித்துணி ஏதாவது இருக்கும் என்று அம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டில், சேலைகளுக்குக் கீழே, ஒரு துவாயில் சுற்றியபடி ஒரு கட்டு. இழுத்தேன், துவாய் அவிழ்ந்தது. காணி உறுதி. என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். குடும்ப அட்டை. பெறுபேற்றுத் தாள். அப்பாவின் படம். ஒரு பொலித்தீன் துண்டுகூட மேலே இல்லை. துவாயின் ஒரு மூலையில் மழைத்தண்ணீர் ஊறிக் காய்ந்த வட்டம் ஒன்று இருந்தது. கடுதாசிகளை எட்ட அதற்கு நாலு விரல் தூரம்தான் மிச்சம்.

நான் கட்டோடு குசினிக்குப் போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"அம்மா, இதெல்லாம் ஏன் அலுமாரிக்குள்ளை கிடந்தது?"

அவ நிமிர்ந்து பார்த்தா. "வேறை எங்கை வைக்கிறது? ரெண்டையும் ஒண்டாப் பையுக்கை வைச்சால் உன்ர பேப்பர் மடிஞ்சிடும் போலை இருந்தது."

"வேறை பை இல்லையோ?"

"சொப்பின் பை எல்லாம் ஓட்டை."

"வாசலிலை தண்ணி நிண்டது அம்மா. ஓடு ஒழுகினது. உறுதி நனைஞ்சிருந்தால்? அப்பான்ர படம்?"

அம்மா மீனைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்துச் செதிலைச் சீவத் தொடங்கினா. "உறுதியைக் காணிக் கந்தோரிலை கேட்டு இன்னொருக்கா எடுக்கலாம். அப்பான்ர முகம் எனக்கு மறந்தே போகும்? உனக்குத்தான் பதினைஞ்சுக்கு மேலை இல்லையெண்டு நூறு தரம் சொன்னனி."

எனக்கு நெஞ்சு உடைந்துபோயிற்று. எத்தனை ஓட்டத்தில் அவ விடாமல் கட்டிப்பிடித்துக் கொண்டுவந்த கடுதாசிகள். அவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, நான் இன்னும் படம்கூட அடிக்காத வெறும் தாளுக்கு அந்தப் பையைக் கொடுத்திருக்கிறா. அதற்கு நான் "ஆர் உங்களைத் தொடச் சொன்னது" என்று கேட்டேன். ஆறு நாளும் அவ ஒழுகுகிற ஓட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பா. அப்படியே அம்மாவின் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். "நான் விசரி அம்மா, என்னை மன்னியுங்கோ" என்றேன்.

"சீ, விடடி. கையெல்லாம் மீன்" என்றா.

நான் கிணற்றடிக்குப் போய்ப் பையை உள்ளும் புறமும் புரட்டிக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, கொடியில் போட்டேன். பின்னேரம் எடுத்துவந்து, உறுதியையும் பத்திரங்களையும் அப்பாவின் படத்தையும் ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினேன். இரண்டு மாதம் அந்த முடிச்சைச் செதுக்கியவள் என்ற திமிரில் முதல் முடிச்சைப் போடக் குனிந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று, குனிந்து, பைக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் தடவிப் பார்த்தா.

"நல்லாக் காய்ஞ்சுட்டுதோ எண்டு பாத்துக் கட்டு பிள்ளை. ஈரத்தோடை கட்டினால் பூஞ்சணம் பிடிக்குமாம்."